ஜே.பி. சலூனுக்கு வருகிறவர்கள்

"வர்றாங்க டீச்சர். ஆனா வரமாட்டேங்கிறாங்க" என்றாள் பரிமளா.

நஸ்ரின் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெப்சைட்டுக்கு வர்றாங்க. கடைக்கு வரமாட்டேங்கிறாங்க."

"உட்காருங்க அக்கா" என்றாள் நஸ்ரின்.

திண்டுக்கல் பேகம்பூரில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நஸ்ரின் வகுப்பு நடத்திவந்தாள். கடை வைத்திருப்பவர்களுக்கான வகுப்பு. தங்கள் வெப்சைட்டுக்கு எந்த ஊரிலிருந்து ஆள் வருகிறது, எந்தப் பக்கத்தைப் பார்க்கிறது, எந்த இடத்தில் சலித்துப்போய்க் கிளம்புகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கக் கற்றுக்கொடுப்பாள்.

மாணவர்கள் எல்லோரும் அவளைவிட வயதில் மூத்தவர்கள். அவர்கள் அவளை டீச்சர் என்றார்கள். அவள் அவர்களை அண்ணன், அக்கா என்றாள்.

அதிகம் பேசமாட்டாள்.

ஒருமுறை ஒரு பேக்கரிக்காரர், தன் சைட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள் என்று வகுப்புக்கே தேங்காய் பன் வாங்கிவந்தார். நஸ்ரின் தன் பங்கைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க வீட்ல யார் யாருண்ணே தினமும் தொறந்து பாக்குறீங்க?"

அவர் யோசித்தார். மனைவி. மச்சான். மச்சானின் ஆபீஸ்.

மறுநாள் தன் வீட்டையும் மச்சான் ஆபீஸையும் கணக்கில் சேராதபடி தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார். பன் வாங்கிவரவில்லை.

அப்படிப்பட்ட டீச்சர்.

பரிமளா அங்கே வந்து சேர்ந்தது தை மாதத் தொடக்கத்தில். ஆர்.எம். காலனியில் அவளுடைய கடை. ஜே.பி. பியூட்டி சலூன். முடி வெட்டுவது, கல்யாணப் பெண் அலங்காரம்.

"ஜே.பி.ன்னா யாரும்மா, உங்க வீட்டுக்காரரா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார்.

"எங்க ரெண்டு பேரோட பேரு" என்றாள் பரிமளா.

இன்னொருவர் யார் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சொன்னதை எல்லாம் செய்கிற மாணவியாக இருந்தாள். படங்கள் கனமாக இருப்பதால் சைட் திறக்க நேரமாகிறது என்று தெரிந்ததும், உட்கார்ந்து ஒவ்வொரு படமாகச் சின்னதாக்கினாள். போன தீபாவளிச் சலுகை இன்னும் முகப்பிலேயே நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்தாள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததைத் தமிழிலும் எழுதினாள். எழுதியதை வகுப்பில் எழுந்து நின்று வாசித்துக் காட்டினாள்.

சைட்டுக்கு வருகிறவர்கள் கூடினார்கள். உள்ளே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பழைய வாடிக்கையாளர்கள் எப்போதும்போலக் கடைக்கு வந்துபோனார்கள். புதிதாக ஒருவரும் வரவில்லை.

"முகூர்த்த மாசம் டீச்சர். ஒரு கல்யாணப் பொண்ணுகூட வரல. இப்படியே போனா கடையை மூடிட்டு வேற எங்கயாவது வேலைக்குத்தான் போகணும். நான் என்ன தப்பு பண்றேன்?"

"தெரியல" என்றாள் நஸ்ரின்.

பரிமளா காத்திருந்தாள்.

"நீங்க எல்லாரையும் மொத்தமா பாக்குறீங்க. ஒரே ஒருத்தரைப் பாருங்க."

"யாரை?"

"யாரை வேணும்னாலும். பேரு தெரியாது, முகம் தெரியாது. எங்க நுழைஞ்சாங்க, எங்க நின்னாங்கன்னு மட்டும்தான் தெரியும். அவங்க பின்னாடியே போங்க."

"எதுவரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

பரிமளா தேடி ஒருவரைப் பிடித்தாள். நிலக்கோட்டைப் பக்கம். போனில் பார்க்கிறவர். அதற்குமேல் எதுவும் தெரியாது. அந்த ஆளின் பின்னால் நாலைந்து நாள் அலைந்தாள். பிறகு வந்து, உறவுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"மார்கழியிலதான் அடிக்கடி வந்திருக்காங்க டீச்சர். நேரா கல்யாண அலங்காரத்துக்குப் போறாங்க. அதுக்குள்ள வெண்திட்டு இருக்கறவங்களுக்கு மேக்கப் போடுறதைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு. அங்க போய் நின்னுடுறாங்க. ரொம்ப நேரம். எழுத்துக்கூட்டிப் படிச்சாக்கூட அவ்வளவு நேரம் ஆகாது."

"அப்புறம்?"

"கடைக்குப் போன் போடுற 'கால்' பட்டனை அழுத்துறாங்க."

"அப்புறம்?"

"போயிடுறாங்க. மறுநாள் மறுபடி வர்றாங்க. அதே பக்கம், அதே பட்டன்."

"அப்புறம்?"

"தை பொறந்ததும் ஒரே நாள்ல மூணு தடவை அழுத்தியிருக்காங்க. அதோட வர்றதை நிறுத்திட்டாங்க."

"பட்டனை அழுத்தின பிறகு என்ன நடந்துச்சு?"

"அது கணக்குல தெரியாது டீச்சர். அழுத்துற வரைக்கும்தான் காட்டும்."

"ஆமா" என்றாள் நஸ்ரின்.

தன் போனை எடுத்தாள். ஜே.பி. சலூனின் சைட்டைத் திறந்தாள். கால் பட்டனை அழுத்தி, போனை மேஜைமேல் வைத்தாள்.

பரிமளாவின் மடியில் இருந்த பை அதிர்ந்தது.

பரிமளா அசையவில்லை. மற்ற மாணவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். அந்த அறையில் மின்விசிறிச் சத்தமும் பை அதிர்கிற சத்தமும்தான் இருந்தன.

அதிர்வு ஓய்ந்தது. நஸ்ரின் மறுபடி அழுத்தினாள். பை மறுபடி அதிர்ந்தது.

"உங்க பையில அக்கா."

"தெரியும்."

அதுவும் ஓய்ந்த பிறகுதான் பரிமளா பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்றை, ஊதா நிற உறை போட்டதை, எடுத்து மேஜைமேல் வைத்தாள். நன்றாகத் துடைத்து வைத்திருந்தாள்.

"ஜெனியோடது" என்றாள்.

ஜெனிட்டாவும் பரிமளாவும் மதுரையில் ஒன்றாக அழகுக்கலை படித்தவர்கள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பியவர்கள். ஆளுக்குப் பாதி போட்டுக் கடை திறந்தார்கள். கத்தரிக்கோல் பரிமளாவின் கையில். மேக்கப் பிரஷ் ஜெனிட்டாவின் கையில். பேச்சும் அவளுடையதுதான். பரிமளாவுக்குப் போனில் பேச வராது. யாராவது "ஹலோ" என்றால் "என்ன" என்பாள். அதற்குமேல் ஓடாது.

அதனால்தான் சைட்டில் ஜெனிட்டாவின் நம்பர்.

சைட்டும் ஜெனிட்டா செய்ததுதான். சாயந்தரம் டீ குடிக்கிற நேரத்தில் அன்றைய கணக்கைப் பார்த்துச் சொல்வாள். "சவுதியிலேருந்து ஒருத்தர் நம்ம கடையைப் பாத்திருக்காருடி. முடி வெட்டிக்க பிளேன்ல வருவாரோ என்னமோ, நீ கத்திரியைத் தீட்டி வை." பரிமளா சிரிப்பாள். திரையில் இருக்கிற கோடுகள் அவளுக்குப் புரியாது. புரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கார்த்திகையில் ஜெனிட்டா காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவள் கணவர் இந்தப் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். வருவதெல்லாம் கடைக்கான போன்தான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"ஒரு தடவைகூட எடுக்கலியா அக்கா?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"இல்ல."

"ஏன்?"

"எடுத்தா ஜெனியக் கேப்பாங்க."

நஸ்ரின் கொஞ்ச நேரம் அந்த ஊதா உறையைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

"இந்த நம்பரை எடுத்துட்டு உங்க நம்பரைப் போட்டுடலாம். இப்பவே பண்ணிடலாம்."

பரிமளா எட்டிக் கீபோர்டின் மேல் கையை வைத்தாள்.

"வேணாம் டீச்சர்."

"ஏன்?"

"அப்புறம் யாரும் அவளைக் கேக்கமாட்டாங்க."

பரிமளா கையை எடுக்கவில்லை.

"அவ துணியெல்லாம் நாத்தனார் எடுத்துட்டுப் போயிட்டாங்க. வண்டியை வித்துட்டாங்க. பிள்ளைங்க முன்னாடி பேசவேணாம்னு வீட்ல அவ பேரையே சொல்றதில்ல. நான் போனா எனக்கும் டிபன் போட்டுட்டு வேற ஏதாவது பேசுறாங்க. இந்தப் போன் மட்டும்தான் டீச்சர் இன்னும் அவளைக் கூப்பிட்டுட்டு இருக்கு."

நஸ்ரின் கீபோர்டிலிருந்து தன் கையை எடுத்தாள்.

"சரி" என்றாள்.

பரிமளா போனைப் பைக்குள் வைத்து மூடினாள்.

"அப்ப எங்கிட்ட எதுக்கு அக்கா வந்தீங்க?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பரிமளா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மாசி முழுக்க அவள் வகுப்புக்கு வரவில்லை.

கடையில் சும்மா இருக்கிற நேரம்தான் அதிகம். சீப்பு வைக்கிற டிராயரில் அந்தப் போன் கிடக்கும். அது அதிரும்போது சீப்புகளும் சேர்ந்து நடுங்கும். முன்பெல்லாம் பரிமளா டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். ஓய்ந்ததும் ஒரு நிறைவு வரும். யாரோ ஜெனியைத் தேடி வந்துவிட்டுப் போனார்கள் என்கிற நிறைவு.

இப்போது அது வரவில்லை. அதற்குப் பதிலாக நிலக்கோட்டை ஆளின் நினைவு வந்தது. அந்தப் பக்கத்தில் அவ்வளவு நேரம் நின்றது, ஒரே நாளில் மூன்று தடவை அழுத்தியது, பிறகு நிறுத்திக்கொண்டது. நிறுத்தும்போது என்ன நினைத்துக்கொண்டு நிறுத்தியிருப்பார் என்று யோசித்தாள்.

போன் அதிர்ந்தால் டிராயரை மூடினாள். மூடினாலும் கேட்டது.

பங்குனியில் ஒரு புதன்கிழமை அவள் சைட்டின் கணக்கைத் திறந்தபோது, அந்த ஆள் முந்தின நாள் திரும்பி வந்திருந்தது தெரிந்தது.

அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டுப் பேகம்பூருக்குப் போனாள். வகுப்பு முடிந்து நஸ்ரின் தனியாக இருந்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு மறுபடி வந்தாங்க டீச்சர்."

"ம்."

"இந்தத் தடவை கல்யாண அலங்காரத்துப் பக்கமே போகல. மேக்கப் பக்கத்துக்கும் போகல."

"எங்க போனாங்க?"

"எங்களைப் பத்தின பக்கத்துக்கு. அங்க ஒண்ணுமே கிடையாது. கடை தொறந்த அன்னிக்கு நானும் ஜெனியும் எடுத்த போட்டோ மட்டும்தான் இருக்கு. அதையே பாத்துட்டு இருந்திருக்காங்க. பாத்துட்டுப் பட்டனை அழுத்தியிருக்காங்க."

நஸ்ரின் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மேக்கப்புக்குக் கூப்பிடுறவங்க எதுக்கு டீச்சர் போட்டோவைப் பாக்கணும்?"

நஸ்ரின் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். அறை அமைதியானது. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பரிமளா பையிலிருந்து ஊதா உறை போட்ட போனை எடுத்தாள். மிஸ்டு கால்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், அந்த நேரத்தில் ஒரு நம்பர்தான் இருந்தது. அதே நம்பர் தையிலும் இருந்தது. மார்கழியிலும் இருந்தது.

வேறு எதையும் யோசிக்க நேரம் கொடுக்காமல் அதை அழுத்தினாள்.

மறுமுனையில் உடனே எடுத்தார்கள்.

"ஜெனிக்கா?"

சின்ன வயதுப் பெண்ணின் குரல். 

"ஜெனிக்கா, நான் நிலக்கோட்டை துளசிமணி. ஞாபகம் இருக்காக்கா? முகத்துல திட்டு இருக்குமே, அந்தப் பொண்ணு. ஐப்பசியில வந்து போட்டுப் பாத்தோமே. கண்ணாடியைப் பாத்துட்டு அழுதேனே."

பரிமளா வாயைத் திறந்தாள். அந்தப் பெண் நிறுத்தவில்லை. பேசிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சேர்த்துவைத்திருந்தவளைப் போலப் பேசினாள்.

"சண்டை போடக் கூப்பிடலக்கா. தையில கல்யாணம் முடிஞ்சிருச்சு. நல்லாத்தான் நடந்துச்சு. அம்மாவே பவுடர் போட்டு விட்டாங்க. போட்டோ எடுக்கும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், அதனால ஒண்ணும் அவ்வளவா தெரியல. அவரு ஒண்ணும் சொல்ற ஆளு இல்ல."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போனை எடுக்கலன்னதும், தொட யோசிக்கிறீங்க போலன்னு நெனச்சேன். அது எனக்குப் பழக்கம்தான். நெறைய பேரு அப்படித்தான். ஆனா நீங்க அன்னிக்கு அப்படி இல்லியேக்கா. கையிலயே தொட்டுத் தொட்டுப் போட்டீங்க. அதான் மனசு கேக்கல. நேத்து உங்க போட்டோவைப் பாத்தேன். ஒரு தடவை கேட்டுடலாம்னு கூப்பிட்டேன். இப்ப நீங்களே கூப்பிட்டுட்டீங்க."

"நான் ஜெனி இல்லம்மா" என்றாள் பரிமளா.

"ஓ." அந்தக் குரல் உடனே சின்னதாகிவிட்டது. "ஜெனிக்கா இல்லீங்களா?"

"ஜெனி இல்ல."

"எப்ப வருவாங்க?"

பரிமளா கண்ணை மூடிக்கொண்டாள். கார்த்திகையிலிருந்து எல்லோரிடமும் அவள் சொல்லிவந்தது அந்த ஒரு சொல்தான். ஜெனி இல்ல. பால்காரரிடம், பேங்கில், பழைய வாடிக்கையாளர்களிடம். எல்லோரும் அதிலேயே புரிந்துகொண்டார்கள். அதற்குமேல் அவளைச் சொல்லவைத்தவர் யாரும் இல்லை.

"செத்துப்போயிட்டாம்மா" என்றாள்.

பரிமளா நிறுத்தாமல் சொன்னாள்.

"கார்த்திகையில. காய்ச்சல் வந்து. உன்னை வேணாம்னு அவ எடுக்காம இருக்கலம்மா. நீ கூப்பிட்டப்ப அவ இல்ல. போன் எங்கிட்ட இருந்துச்சு. நான்தான் எடுக்கல."

நிலக்கோட்டையில் ஒரு குக்கர் விசில் அடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. மறுபடி அடித்தது.

பரிமளா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டட்டும் என்றும் நினைத்தாள்.

"நீங்க பரிமளாக்காவா?" என்று கேட்டாள் துளசிமணி.

"ஆமா."

"போட்டோவுல பக்கத்துல நிக்கிறது நீங்கதானே?"

"ஆமா."

"நான் வந்த அன்னிக்கு நீங்க ஊர்ல இல்ல. மேக்கப் போட்டு முடிக்கிற வரைக்கும் உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டு இருந்தாங்க. பரிமளா இருந்தா உன் முடிக்கு இப்படிப் பண்ணியிருப்பா, அப்படிப் பண்ணியிருப்பான்னு."



அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, முன்பு பேசியதைவிட மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதைப் போலக் கேட்டாள்.

"நீங்க எப்படிக்கா இருக்கீங்க?"

பதில் சொல்லத்தான் பரிமளா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

அந்தப் பெண் போனை வைக்கவில்லை.